சான்டா கிளாரா கவுன்டியில் மேற்பார்வையாளரின் கையில் உண்மையில் இருப்பவை எவை?

புதுவாக்காளர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கலிஃபோர்னியாவின் சான்டா கிளாரா கவுன்டியில் (கவுன்டி என்பது நம்மூர் மாவட்டம் போன்றது) உள்ள சான் ஹோசே நகரத்தில் குடியேறிப் பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. இந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் குடியுரிமை கிடைத்தது; ஆகவே வரும் ஜூன் மாதத் தேர்தலில் முதன்முறையாக வாக்களிக்கப் போகிறேன். சென்ற சனிக்கிழமை கவுன்டி மேற்பார்வையாளர் பதவிக்குப் போட்டியிடும் ஒருவர் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டி, பத்து நிமிடம் பொறுமையாகப் பேசினார். சாலைப் பள்ளங்கள், பள்ளிக்கூடங்கள், காவல்துறை, வீட்டு வாடகை, மருத்துவமனை, ஓடைக்கரையில் கூடாரம் போட்டு வாழ்வோர் என்று அனைத்தையும் தாம் கவனித்துக்கொள்வதாகச் சொன்னார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எங்களுக்கு ஒரு மேயரும் பத்து நகர்மன்ற உறுப்பினர்களும் ஏற்கெனவே இருக்கிறார்கள். பள்ளிக்குத் தனியாக ஒரு வாரியம் இருக்கிறது. மாநிலச் சட்டமன்றத்துக்கும் ஆள் இருக்கிறார். அப்படியானால் இவருக்கு மிச்சமாக இருப்பது என்ன?

என் தந்தை கோயம்புத்தூரில் முப்பது ஆண்டுகள் நூற்பாலையில் வேலை பார்த்தவர். 'சூப்பர்வைசரையா ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறீர்கள்?' என்று தொலைபேசியில் சிரித்தார். அவரைப் பொறுத்தவரை சூப்பர்வைசர் என்பவர், ஷிப்டு முடியும்வரை நூல் அறுகிறதா என்று பார்த்துக்கொண்டு நடப்பவர். இந்தப் பதவியின் அதிகாரம் எது, எல்லை எது, வேட்பாளரிடம் எதைக் கேட்பது பொருத்தம் என்று விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மலையடிவாரத்தார் எழுதியது:

உங்கள் தந்தையின் கேள்வி நியாயமானது. பெயர் அப்படி அமைந்துவிட்டதே தவிர, பதவி சிறியதன்று. கலிஃபோர்னியாவின் 58 கவுன்டிகளில் 57இல் ஐந்து பேர் கொண்ட மேற்பார்வையாளர் குழுவே ஆட்சி நடத்துகிறது; நகரமும் கவுன்டியும் ஒன்றாகவே இருக்கும் சான் ஃபிரான்சிஸ்கோவில் மட்டும் 11 பேர். நம் கவுன்டியின் மக்கள்தொகை ஏறத்தாழ 19 லட்சம் என்பதால் ஒரு மேற்பார்வையாளரின் தொகுதியில் 3,80,000 பேர் அளவில் இருக்கிறார்கள். இது தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தொகுதி ஒன்றின் சராசரியைவிட அதிகம். லாஸ் ஏஞ்சலிஸில் ஒருவருக்கு 20 லட்சம் பேர் என்ற நிலை இருக்கிறது. அது தாங்காது என்றுதான் 2024இல் அங்கே குழுவை ஒன்பது பேராக விரிவாக்கும் முன்மொழிவுக்கு வாக்காளர்கள் ஒப்புதல் அளித்தார்கள்.

கவுன்டிக்கு மேயர் கிடையாது. சட்டம் இயற்றுவதும், வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்றுவதும், நிர்வாகத்தை நடத்துவதற்கான தலைமை அதிகாரியை அமர்த்துவதும் அந்த ஐவர்தான். நம்மூர்க் கலெக்டரை அரசு அனுப்புகிறது. மாவட்ட ஊராட்சி உறுப்பினர்களுக்கு அவர்மீது எந்தப் பிடியும் இல்லை. இங்கே அது தலைகீழ்: தலைமை அதிகாரியை வேலைக்கு வைப்பதும் நீக்குவதும் குழுவின் உரிமை. ஆனால் தனியொரு மேற்பார்வையாளரால் ஒரு துறைத் தலைவருக்குக்கூட ஆணையிட முடியாது. மூன்று வாக்குகள் சேர்ந்தால்தான் எதுவும் நடக்கும். ஆகவே கதவைத் தட்டுகிறவர் 'நான் செய்வேன்' என்று சொல்லும்போது, மற்ற இரண்டு வாக்குகள் எங்கிருந்து வரும் என்று மனத்துக்குள் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி அவர் அடுக்கிய பட்டியலுக்கு வருகிறேன். உங்கள் தெருப் பள்ளம் சான் ஹோசே நகரத்தின் பொறுப்பு. ஆனால் நீங்கள் அன்றாடம் அலுவலகம் செல்லும் லாரன்ஸ், சான் தோமஸ், மான்டேகு போன்ற விரைவுச்சாலைகள் கவுன்டியுடையவை. பள்ளிக்கூடம் அவர் கையில் இல்லை. நகரத்தின் காவல்துறையும் இல்லை. கவுன்டியின் காவல் தலைவராக இருந்து சிறைச்சாலையை நடத்துகிற ஷெரீஃபுக்குப் பணம் ஒதுக்குவது மட்டும் குழுவின் வேலை. குபர்டினோ, சரடோகா போன்ற ஊர்கள் தமக்கென்று காவல்துறை வைத்துக்கொள்ளாமல் ஷெரீஃபிடமே ஒப்பந்தம் போட்டிருக்கின்றன என்பதால் அங்கு நிலைமை சற்று வேறு.

நான் இருப்பது ஆலம் ராக்கில் எந்த நகரத்திலும் சேராத பகுதி. இங்கு சில தெருக்களில் ஒரு பக்கத்து வீடுகள் நகரத்துக்குள்ளும் எதிர்ப்பக்கத்து வீடுகள் கவுன்டியின் நேரடிப் பொறுப்பிலும் இருக்கின்றன. எங்களுக்கு மேற்பார்வையாளர்தான் நகர்மன்றம். வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை கட்ட அனுமதி வாங்கியபோது, எதிர்வீட்டுக்காரருக்குச் செல்லுபடியாகும் விதிகள் எதுவும் எனக்குச் செல்லுபடியாகவில்லை. அவர் மனு ஒரு கட்டடத்துக்குப் போயிற்று, என் மனு வேறொரு கட்டடத்துக்குப் போயிற்று. ஆகவே, உங்கள் முகவரி எந்தப் பக்கத்தில் விழுகிறது என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதிகாரத்தின் எல்லையைக் காட்ட ஒரே ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். ஷெரீஃப், மாவட்ட வழக்கறிஞர், சொத்து மதிப்பீட்டாளர் மூவரும் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறவர்கள். அப்போதைய ஷெரீஃப் லாரி ஸ்மித்மீது சிறை நிர்வாகம் குறித்தும் துப்பாக்கி உரிமங்கள் குறித்தும் குற்றச்சாட்டுகள் எழுந்தபோது, 2021இல் மேற்பார்வையாளர் குழு ஒருமனதாக நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேற்றியது. தீர்மானம் நிறைவேறியதே தவிர, அவரைப் பதவியிலிருந்து இறக்க அவர்களால் முடியவில்லை. உள்ளூர் நிர்வாகத்தை ஆராயும் குடிமக்கள் பெருநடுவர் குழு குற்றச்சாட்டைப் பதிவு செய்து, வழக்கு நடந்து, தீர்ப்புக்குச் சில நாள்களுக்கு முன் அவர் பதவி விலகி, 2022 நவம்பரில் நடுவர்கள் அவரைக் குற்றவாளி என்று முடிவுசெய்த பிறகே அந்த விவகாரம் ஓய்ந்தது.

பழைய ஊழியர் எழுதியது:

மேலே எழுதிய ஐயா சாலையையும் கட்டட அனுமதியையும் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஆனால் கவுன்டியின் பணம் போகும் இடம் அதுவன்று. சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் ஒரு கவுன்டியின் சமூக நலத்துறையில் பல ஆண்டுகள் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் பணியில் இருந்தவள் என்ற முறையில் இதைச் சேர்க்கிறேன்.

சான்டா கிளாரா கவுன்டியின் ஆண்டு வரவு செலவு 1,000 கோடி டாலரைத் தாண்டியது. ஊழியர்கள் 20,000 பேருக்கும் மேல். செலவில் பெரும்பகுதி மருத்துவத்துக்கும் சமூக நலத்துக்கும் செல்கிறது. குறைந்த வருவாயினருக்கான மெடி-கால் மருத்துவக் காப்பீடு, கால்ஃபிரெஷ் உணவு உதவி, குழந்தைகள் பாதுகாப்பு, மனநல சிகிச்சை ஆகியவற்றின் சட்டங்கள் வாஷிங்டனிலும் மாநிலத் தலைநகரான சாக்ரமென்டோவிலும் எழுதப்படுகின்றன. பணமும் பெரும்பாலும் அங்கிருந்தே வருகிறது. ஆனால் மனுவை வாங்கி, பரிசீலித்து, அட்டையைக் கையில் கொடுப்பது கவுன்டி ஊழியர். எனவே மேற்பார்வையாளருக்கு விருப்பப்படி செலவிடக் கிடைக்கும் பணம் மொத்தத் தொகையைப் பார்த்து நாம் நினைப்பதைவிட மிகவும் குறைவு. அரசியல் முழுவதும் அந்தச் சிறு பகுதிக்குள்தான் நடக்கிறது.

ஒரு கடமை மட்டும் முழுக்கக் கவுன்டியின் தலையில் இருக்கிறது. வேறு எந்த உதவியும் கிடைக்காத வறியவர்களைக் கவுன்டியே தாங்க வேண்டும் என்று மாநில நலச் சட்டத்தின் 17000ஆவது பிரிவு சொல்கிறது. 'ஜெனரல் அசிஸ்டன்ஸ்' என்ற அந்த உதவித்தொகைக்கு மேலிருந்து பணம் வராது. எவ்வளவு கொடுப்பது, எத்தனை மாதம் கொடுப்பது என்று ஐவர் எடுக்கும் முடிவு, வண்டிக்குள் தூங்குகிற ஒருவரின் அடுத்த மாதத்தை நேரடியாகத் தொடுகிறது. ஆனால் அந்த விவாதம் நடக்கும் நாளில் அவையில் பார்வையாளர்கள் பெரும்பாலும் இருப்பதில்லை.

நம்மவர்களுக்கு நெருக்கமான இன்னொன்று, முதியோரையும் மாற்றுத்திறனாளிகளையும் வீட்டிலேயே வைத்துப் பராமரிக்கும் திட்டம். தகுதியுள்ள தாயையோ தந்தையையோ கவனித்துக்கொள்ளும் மகனோ மகளோகூட அதில் ஊதியம் பெறலாம். அந்த ஊதியம் மணிக்கு எவ்வளவு என்பது ஒவ்வொரு கவுன்டியிலும் தொழிற்சங்கத்தோடு பேசி முடிவாகிறது. குழுவின் ஒப்புதல் இல்லாமல் அது உயராது. வேட்பாளரிடம் கேட்பதற்கு இது நல்ல கேள்வி, ஏனெனில் இதற்கு 'ஆதரிக்கிறேன்' என்ற பொதுவான பதில் போதாது. பணம் எங்கிருந்து என்று அவர் சொல்லியாக வேண்டும்.

மருத்துவமனைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கவுன்டிக்குச் சொந்தமான வேலி மெடிக்கல் சென்டர் பல ஆண்டுகளாக இருக்கிறது. தீக்காயத்துக்கும் கடும் விபத்துக்கும் இப்பகுதியில் முதலில் நினைவுக்கு வரும் இடம் அது. 2019இல் நொடித்துப்போன ஒரு குழுமத்திடமிருந்து சான் ஹோசேயின் ஓ'கானர் மருத்துவமனையையும் கில்ராயின் செயின்ட் லூயிஸ் மருத்துவமனையையும் 23.5 கோடி டாலருக்குக் கவுன்டி வாங்கியது. கிழக்கு சான் ஹோசேயில் ஒரு தனியார் நிறுவனம் நடத்திவந்த ரீஜனல் மருத்துவமனையில் 2020இல் பிரசவப் பிரிவு மூடப்பட்டு, பிறகு விபத்து சிகிச்சைப் பிரிவும் சுருங்கியபோது, அதையும் 2025இல் 17.5 கோடி டாலருக்கு வாங்கியது. இவற்றை வாங்காமலும் விட்டிருக்கலாம். வாங்குவது என்று தீர்மானித்தது மேற்பார்வையாளர் குழு. இந்தப் பதவிக்கு இருக்கும் உண்மையான கனம் இதில் தெரிகிறது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

மருத்துவமனைகளை வாங்கியதை அம்மையார் பெருமையாகச் சொல்கிறார். எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். வாங்குவது ஒரு நாள் செலவு, நடத்துவது நாள்தோறும் செலவு. அந்த மருத்துவமனைகளின் வருவாயில் பெரும்பங்கு மெடி-கால் வழியாக வருகிறது. 2025 ஜூலையில் கையெழுத்தான கூட்டரசுச் சட்டம் அந்த நிதியைக் குறைத்ததும், கவுன்டி உடனே மக்களிடம் வந்து நின்றது. நவம்பரில் வாக்காளர்கள் முன் வைக்கப்பட்ட 'மெஷர் ஏ' என்ற முன்மொழிவு நிறைவேறி, விற்பனை வரி ஐந்து ஆண்டுகளுக்கு 0.625 சதவீதப் புள்ளி உயர்ந்தது. ஆண்டுக்கு 33 கோடி டாலர் கிடைக்கும் என்பது அவர்களின் மதிப்பீடு.

இதில் வாக்காளர் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று இருக்கிறது. குறிப்பிட்ட நோக்கத்துக்கென்று வரி கேட்டால் மூன்றில் இரு பங்கு வாக்கு வேண்டும். பொது வரி என்று கேட்டால் பாதிக்கு மேல் போதும். இது பொது வரியாகத்தான் கேட்கப்பட்டது. ஆகவே மருத்துவமனைக்கென்று பரப்புரையில் சொல்லப்பட்டாலும், அந்தப் பணத்தை வேறு எதற்கும் செலவிட்டால் சட்டம் தடுக்காது. ஐவரின் சொல்லைத்தான் நாம் நம்புகிறோம். 2016இல் இதே பெயரில் வந்த 95 கோடி டாலர் வீட்டுவசதிக் கடன்பத்திரத்தின் நிலை வேறு: அதற்கு மூன்றில் இரு பங்கு தேவைப்பட்டது, மயிரிழையில் கிடைத்தது, எந்த வருவாய்ப் பிரிவினருக்கு எவ்வளவு என்பதும் முன்பே வகுக்கப்பட்டிருந்தது. (இரண்டுக்கும் ஒரே எழுத்தைக் கொடுத்துக் குழப்புகிறவர்களை என்ன சொல்வது!)

உங்கள் வேட்பாளர் ஏற்கெனவே வேறு பதவியில் இருந்தவர் என்றால், அவர் பேச்சைவிட வாக்கெடுப்புப் பதிவுகளைப் பாருங்கள். நாடா வெட்டிய படங்கள் எல்லோரிடமும் இருக்கும்.

புதுவாக்காளர் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. ஓடைக்கரைக் கூடாரங்களைப் பற்றி மட்டும் இன்னும் தெளிவில்லை. அதற்கு நகரம் பொறுப்பா, கவுன்டி பொறுப்பா? மேலும், வேட்பாளரை மறுபடி சந்திக்க வாய்ப்பில்லை என்றால், குழுவின் கூட்டத்துக்கு என்னைப் போன்றவர் நேரில் போகலாமா?

பழைய ஊழியர் எழுதியது:

கூடாரம் இருக்கும் நிலம் நகரத்துடையதாக இருக்கலாம். ஓடையையொட்டிய நிலம் பல இடங்களில், மக்கள் தனியாகத் தேர்ந்தெடுக்கும் ஏழு பேர் கொண்ட வாரியம் நடத்தும் 'நீர் மாவட்டம்' என்ற தனி அமைப்புடையது. உள்ளே படுத்திருப்பவருக்குத் தேவைப்படும் மனநல சிகிச்சையும், போதைப்பழக்க சிகிச்சையும், உதவித்தொகையும் கவுன்டியுடையவை. ஒருவரை ஒருவர் கைகாட்டுவதற்கு இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது. ஆகவே 'கூடாரங்களை அகற்றுவீர்களா' என்று கேட்காதீர்கள். சிகிச்சைப் படுக்கைகள் எத்தனை கூடும், எந்த ஆண்டுக்குள் கூடும் என்று கேளுங்கள்.

கூட்டத்துக்குத் தாராளமாகப் போகலாம். வழக்கமாகச் செவ்வாய்க்கிழமைகளில், சான் ஹோசேயில் மேற்கு ஹெட்டிங் தெரு 70ஆம் எண் கட்டடத்தில் நடக்கிறது. 1953ஆம் ஆண்டின் பிரவுன் சட்டப்படி வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரத்துக்கு முன்பே வெளியிட வேண்டும் என்பதால், வெள்ளிக்கிழமை மாலையே அதைப் படித்து எந்தப் பொருளில் பேசுவது என்று முடிவுசெய்துகொள்ளலாம். பேச ஒன்றிரண்டு நிமிடம்தான் கொடுப்பார்கள். எழுதி வைத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்து ஒருமுறை வீட்டில் படித்துப் பார்த்துவிட்டுப் போங்கள். 'வணக்கம், என் பெயர்' என்று நிதானமாகத் தொடங்குகிறவருக்குக் கால் நிமிடம் அதிலேயே போய்விடும்.