குடல் ஹார்மோன்: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பு நண்பர்களுக்கு,
மாரடைப்பிலிருந்து மீண்டவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஜிஎல்பி-1 பக்கத்தில் மாட்டிக்கொண்டேன். சாப்பிட்டதும் குடலில் சுரந்து, இன்சுலினைத் தூண்டி, பசியை அடக்குமே, அதுதான். "குடல் இயக்குநீர்" என்று எழுதி மாமியாரிடம் படிக்கக் கொடுத்தேன். "பேதிக்கு முன்னாடி வயித்துக்குள்ள புரளுமே, அந்தத் தண்ணியா?" என்றார். வேறு சொல் உண்டா?
மீ.

-----

மீ. அவர்களுக்கு,
குற்றம் "நீர்" மேல்தான். ஜிஎல்பி-1 என்பது 30 அமினோ அமிலங்கள் கோத்த சரடு. 1905-இல் ஸ்டார்லிங் ஹார்மோன் என்ற சொல்லைக் கிளர்த்துதல் எனப் பொருள்படும் கிரேக்க வினையிலிருந்து எடுத்தார். ஆகவே "கிளரி". குடலுக்குக் குடர் என்றும் வடிவம் உண்டு. பந்தல், பந்தர் போலக் கடைப்போலி. இரண்டையும் புணர்த்தினால் "குடர்க்கிளரி". ஓசையும் நயமே.
செ.

-----

செ. ஐயா, வாய்விட்டுப் படித்தால் குடலைக் கிளறுகிற மாதிரியே இருக்கிறது. ஜிஎல்பி-1 வகை மருந்தான செமாக்ளூடைடு ஊசி போட்டுக்கொள்பவர்களுக்குக் குமட்டல் சகஜம். அதற்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.
ப.

-----

நாங்கள் இலங்கையில் "ஓமோன்" என்றுதான் படித்தோம். கிரந்தமும் இல்லை, குழப்பமும் இல்லை. அதையே போடுங்கோ.
க.

-----

மீ., மருத்துவனாக ஒன்று. சொல் எதுவானாலும், "இது கூடினால் இதயத்துக்கு நல்லது" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். மாரடைப்போடு வந்தவர்களின் ரத்தத்தில் ஜிஎல்பி-1 தானாகவே மிகுந்திருந்தால், பிற்பாடு அவர்களுக்கு ஆபத்து அதிகம் என்று 2020-இல் ஓர் ஆய்வு வந்தது. 2023-இல் வந்த செலக்ட் ஆய்விலோ, அதே ஹார்மோனைப் போல வேலை செய்யும் செமாக்ளூடைடு ஊசி, சர்க்கரை நோய் இல்லாத, எடை மிகுந்த இதய நோயாளிகளிடம் இதயநோய் இறப்பு, மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றின் மொத்த ஆபத்தை 20 சதவீதம் குறைத்தது. சுரந்ததையும் ஊசியில் போட்டதையும் ஒரே சொல்லால் சொன்னால் வாசகர் குழம்புவார். அப்புறம், அந்தப் பக்கத்துக்கு "விளைவுகள்" என்று தலைப்பிட்டால் பக்கவிளைவு என்றுதான் படிப்பார்கள். "மாரடைப்புக்குப் பிறகு" என்றே வைத்துவிடுங்களேன்.
ரா.

-----

ரா. சொன்னபடியே தலைப்பை மாற்றிவிட்டேன். ஊசி வருமிடமெல்லாம் "ஜிஎல்பி-1 மருந்து". மற்ற இடங்களில் "குடல் ஹார்மோன்". மாமியார் இப்போது, "தைராய்டு மாதிரி ஒண்ணா?" என்கிறார். எனக்கு அது போதும். க. மன்னிக்கவும், இங்கே ஓமோன் என்றால் ஓமம் கேட்பார்கள்.
மீ.

-----

ஹகரத்தை உள்ளே விட்டாயிற்று. சரி. அடைப்புக்குறிக்குள்ளாவது குடர்க்கிளரி இருக்கட்டும்.
செ.