டிஆர்வி8825: டிகே பின்ன ஃபாஸ்ட்டுக்கு மாத்தலாமா, மிக்ஸ்டுலயே விடலாமா?

ப்ளாட்டர்பிரபு:
பேனாவால கோடு வரையற மெஷின் (பேனா ப்ளாட்டர்), ஸ்டெப்பர் மோட்டார ஓட்டற டிஆர்வி8825 டிரைவர் போர்டு, 12 வோல்ட் சப்ளை. மோட்டார் நீமா 17 சைஸ், காயில் 1.5 ஓம், 2.8 மில்லிஹென்ரி, கரண்ட் 1.2 ஆம்புக்கு வச்சிருக்கேன். வேகமா போனா கோடு சுத்தமா வருது, மெதுவா வளைவு போட்டா மட்டும் ஒரே இடைவெளில சின்னச் சின்ன அலை விழுது. பெல்ட், புல்லி எல்லாம் பாத்தாச்சு. இதுக்கு டிகே மோடுதான் (சிப் காயில் கரண்ட எப்படி இறக்குதுங்கறது) காரணமா?

சோல்டர்செந்தில்:
டிகே மோடேதான். ஸ்லோல காயில் முனைகள சேத்து கரண்ட மெதுவா இறக்கும், ஃபாஸ்ட்ல சப்ளைய எதிரா திருப்பி வேகமா இறக்கும், மிக்ஸ்டு ரெண்டும் கலந்தது. அந்த போர்டுல டிகே பின் எதுலயும் கனெக்ட் ஆகாம சும்மா இருக்கும், அப்படின்னா மிக்ஸ்டு, ஆனா மிக்ஸ்டு கரண்ட் இறங்கும்போது மட்டும்தான், ஏறும்போது ஸ்லோ டிகே. பிரச்சினை அங்கதான். பின்னத் தூக்கி 3.3 வோல்ட்ல கட்டுங்க, முழு ஃபாஸ்ட் ஆயிடும், அலை போயிடும்.

மெக்கட்ரான்:
செந்தில், எல்லாருக்கும் இதையே சொல்லாதீங்க. ஃபாஸ்ட்ல ஒவ்வொரு சைக்கிளும் முழு சப்ளையும் காயிலுக்கு எதிரா திரும்புது. இவரோட மோட்டார்ல கிட்டத்தட்ட 70 மில்லிஆம்ப் ரிப்பிள் (கரண்ட் ஏறி இறங்கற ஆட்டம்), மோட்டார் சும்மா நிக்கும்போதும் விடாம. இரும்பு சூடாகும், சராசரி கரண்ட் குறையும், பிடிமானம் போகும். அதுக்கு பதிலா 24 வோல்ட் போட்டுப் பாக்கலாமே?

சோல்டர்செந்தில்:
24 போட்டா இன்னும் மோசமாகும் ப்ரோ, கணக்கு போட்டே காட்டுறேன். சிப்போட பிளாங்கிங் டைம் (ஆன் பண்ணதும் கரண்ட அளக்காம காத்திருக்கிற நேரம்) 3.75 மைக்ரோசெகண்ட், அதுக்குக் கம்மியா அதால ஆன் பண்ண முடியாது. பிடபிள்யூஎம், அதாவது ஆன்-ஆஃப் பண்ற வேகம், 30 கிலோஹெர்ட்ஸ், ஒரு சைக்கிள் 33 மைக்ரோசெகண்ட், அதாவது வேணும்னாலும் வேணாம்னாலும் 11 சதவீதம் ஆன்ல இருந்தே ஆகணும். 12 வோல்ட்ல அது சராசரியா 1.35 வோல்ட். ஸ்லோ டிகேல அத எதிர்க்க காயில் 1.5 ஓமும் சிப்புக்குள்ள இருக்கிற மாஸ்ஃபெட் சுவிட்ச் 0.4 ஓமும்தான் இருக்கு, வகுத்தா 0.7 ஆம்ப். மைக்ரோஸ்டெப் (ஒரு ஸ்டெப்ப பிரிச்ச சின்ன ஸ்டெப்) 0.1 ஆம்ப் கேட்டாலும் கரண்ட் பாட்டுக்கு 0.7 வரைக்கும் ஏறிடும். 24 வோல்ட்ல அதுவே 1.4. வேகமா ஓடும்போது ஏன் தெரியலைன்னா, ஏற ஒன்றரை மில்லிசெகண்ட் மாதிரி ஆகும், அதுக்குள்ள அடுத்தடுத்த ஸ்டெப் வந்துடுது.

ப்ளாட்டர்பிரபு:
அப்போ இண்டக்டன்ஸ் (அந்த மில்லிஹென்ரி கணக்கு) அதிகமான மோட்டார் வாங்கினா சரியாகுமா?

சோல்டர்செந்தில்:
ஆகாது. இண்டக்டன்ஸ் கூடினா ஏறுறதும் மெதுவா, இறங்குறதும் மெதுவா, கடைசில வந்து நிக்கிற கரண்ட் அதேதான். வோல்டேஜும் ஓமும்தான் கணக்கு. 30 ஓம் மோட்டார்ல இந்தத் தொல்லையே வராது, ஆனா அது வேகத்துல செத்துடும்.

மெக்கட்ரான்:
உங்க கணக்கையே எடுத்துக்கறேன். காயிலுக்கு சீரியல்ல ரெண்டு டயோடு, அதுக்கு இணையா எதிர்த்திசைல இன்னும் ரெண்டு. டிராப் 1.4 வோல்ட். உங்க 1.35 அதுலயே தின்னு போச்சு, கரண்ட் ஜீரோ வரைக்கும் இறங்கும். சிப்ப தொடவே வேணாம், ரிப்பிளும் ஏறாது.

சோல்டர்செந்தில்:
12 வோல்ட்ல சரி, ஒத்துக்கறேன், 24ல பாதிதான் சரியாகும், 0.7 ஆம்ப் மிச்சம் நிக்கும். அதோட 12ல 1.4ங்கறது பத்து சதவீதத்துக்கு மேல, உச்ச வேகத்துல அது தெரியும். டயோடும் காயிலுக்கு ஒன்றரை வாட் கிட்ட சூடாகும்.

மெக்கட்ரான்:
பேனா ப்ளாட்டருக்கு உச்ச வேகம் எதுக்குங்க? அவர் கஷ்டமே மெதுவான வளைவுலதான். டயோடு மேல காத்து பட்டா போதும். நாள் பூரா ஃபாஸ்ட்ல ஓடி சூடாகிற மோட்டார் பிளாஸ்டிக் பிராக்கெட்ட வளைச்சிடும், அத யாரும் கணக்குல எடுக்கிறதில்ல.

அச்சுக்கூடம்:
ரெண்டு பேரும் பழைய சிப்புக்கு வைத்தியம் பாக்கறீங்க. டிஎம்சி2209ங்கற வேற டிரைவர் மாட்டுங்க, அதோட ஸ்ப்ரெட்சைக்கிள் மோடு ஸ்லோவையும் ஃபாஸ்ட்டையும் ஒவ்வொரு சைக்கிள்லயும் அதுவே கலந்துக்கும்.

மெக்கட்ரான்:
நல்ல சிப்தான், ஆனா எல்லா டிரைவரையும் மாத்தற காசுக்கு, மோட்டாருக்கு எட்டு டயோடுன்னு எவ்ளோ தடவ வாங்கலாம்?

ப்ளாட்டர்பிரபு:
கையில டயோடு இருக்கு, எக்ஸ்ல டயோடு போடறேன், ஒய்ல பின்ன தூக்கறேன், ஒரே வட்டத்த மெதுவா வரைஞ்சு பாக்கறேன்.

சோல்டர்செந்தில்:
பின்ன தூக்கும்போது பக்கத்து பின்னோட சோல்டர் ஒட்டிடாம பாருங்க. பவர் இருக்கும்போது மோட்டார் வயர மட்டும் கழட்டிடாதீங்க, டிரைவர் போயிடும்.