14.2 வோல்ட்ல பேட்டரி நிறையுமா? ஆல்டர்னேட்டர் சார்ஜர் பஞ்சாயத்து

மின்னல்ராசா (ராமநாதபுரம்): நேத்து ஒருத்தர் எழுதியிருக்காரு. பம்புசெட்டு பெட்ரோல் இன்ஜின், சுத்துனா கரண்டு குடுக்கிற பழைய கார் ஆல்டர்னேட்டர், நடுவுல ஒரு வி-பெல்ட்டு, அம்புட்டுதானாம். தனுஷ்கோடிப் பக்கம் கொட்டகையில கிடக்கிற 150 ஏஹெச் (ஆம்பியர்-மணி) டியூபுலர் பேட்டரி ரெண்டும் ஃபுல்லா நிறைஞ்சிருமாம். ஆனா ஆல்டர்னேட்டர் உள்ள வோல்ட்டைக் கட்டுப்படுத்துற ரெகுலேட்டர் 14.2 வோல்ட்டுலயே கட்டிப்போட்டுரும். டியூபுலருக்கு 14.4ஆவது வேணும். படிச்சுட்டு எழுதுங்கய்யா.

பட்டறைக்காரன் (சாயல்குடி): அந்த ஒருத்தர் நான்தான் தம்பி. பேரைச் சொல்லியே திட்டலாம். ஐப்பசி கார்த்திகையில மேகம் மூடுனா சோலார் படுத்துரும், கரைவலைக்காரக லைட்டுக்கும் செல்போனுக்கும் எங்க போவாக? 45 ஆம்பியர் ஆல்டர்னேட்டர். இன்ஜின் பக்கம் பெரிய புல்லி, ரெண்டுக்கு ஒண்ணு கணக்கு. இன்ஜின் 2500 சுத்துனா அது 5000 சுத்தும். ஆல்டர்னேட்டர் உள்ள காந்தம் (ஃபீல்டு) எழும்ப ஒரு சின்ன பல்பை சீரியல்ல போடணும், அதை மறந்துட்டுத்தான் பாதிப்பேரு ஆல்டர்னேட்டர் செத்துப்போச்சுன்னு கொண்டாராக.

மின்னல்ராசா: புல்லியை யாரு கேட்டா? 14.2க்குப் பதில் சொல்லுங்க.

தங்கச்சிமடத்தான்: ஃபுல்லுன்னா எதை வச்சு ஃபுல்லு? ஆசிட் அடர்த்தி பாக்கிற ஹைட்ரோமீட்டர் 1240 காட்டுறதா, ஆம்பியர் இறங்குறதா? இன்னொண்ணு, 14.4ங்கிறது 25 டிகிரிக்கு. சூடு ஏற ஏற வோல்ட்டைக் குறைக்கணும். 35 டிகிரியில 14.2க்குப் பக்கத்துலதான் வரும்.

மின்னல்ராசா: பேட்டரியோட வர்ற தாள்ல 14.4னு அச்சடிச்சிருக்கு. தங்கச்சிமடத்துக்குத் தனித் தாளா அடிச்சுத் தருவாக?

கீழக்கரை காக்கா: கமுதியில 648 மெகாவாட் சோலார். அதே மாவட்டத்துல ஒரு குண்டு பல்புக்கு பெட்ரோல் இன்ஜினைக் கயிறு போட்டு இழுக்கிறோம். நல்லா இருக்கு வாப்பா.

மண்டபம் மச்சான்: காக்கா, அரசியல் வேணாம்.

கீழக்கரை காக்கா: கணக்குத்தானே சொன்னேன், உங்களுக்கு ஏன் சுடுது?

மின்னல்ராசா: கணக்கு நான் சொல்றேன். 45 ஆம்பியர், 14 வோல்ட்டு, 630 வாட்டு. ஆல்டர்னேட்டர் பாதியைச் சூடாவே விட்டுரும், ஆக 1200 வாட்டுக்கு மேல திங்கும். அதுக்கு ரெண்டு குதிரைத்திறன் இருந்தாப் போதும், அண்ணன் மாட்டியிருக்கிறது 5.5. சரி, அதையும் விடுங்க. பேட்டரி நிறைய நிறைய ஆம்பியர் இறங்கும். கடைசி ரெண்டு மூணு மணி நேரம் வெறும் பத்து ஆம்பியருக்கு இன்ஜின் ஓடும், பெட்ரோல் கடல் காத்துல போகும். ஒரு கேவிஏ ஜெனரேட்டரும் மூணு கட்டமா ஏத்துற சார்ஜரும் வாங்குனா 14.4 தானா வரும்.

பட்டறைக்காரன்: அந்தக் காசுக்கு வலை வாங்கிருவாக. கடைசி ரெண்டு மணி நேரம் இன்ஜினை எவன் ஓட்டச் சொன்னான்? விடியக்காலம் ஓட்டி ஆம்பியர் இறங்க ஆரம்பிச்சதும் நிப்பாட்டு. மிச்சத்தை வெயில் பாத்துக்கும்.

மின்னல்ராசா: பாத்தீகளா! அப்ப இன்ஜினால ஃபுல் ஆகாது. ஒத்துக்கிட்டாரு.

பட்டறைக்காரன்: எங்கய்யா ஒத்துக்கிட்டேன்? மீட்டர்ல 14.2 நிக்குது, செல்லுல குமிழி வருது. இதுக்கு மேல என்ன வேணும், மேளமா?

தங்கச்சிமடத்தான்: மீட்டரை ஆல்டர்னேட்டர்ல வச்சீகளா, பேட்டரி முனையில வச்சீகளா? ஒயரு மெலிசா இருந்தா வழியிலயே அரை வோல்ட்டு போயிரும்.

மின்னல்ராசா: அவரு மீட்டர் சந்தையில வாங்குனது. அது 14.2ன்னா நெசத்துல 13.9.

பட்டறைக்காரன்: என் மீட்டரைப் பேசாத தம்பி. ஓடுற ஆல்டர்னேட்டர்ல பேட்டரி ஒயரைக் கழட்டி ஏசியை டிசியாக்குற டயோடை வேகவச்சுட்டு என் பட்டறைக்குத்தான் தூக்கிட்டு வந்தே.

மின்னல்ராசா: அது என் மச்சினன் கழட்டுனது. அதையும் சரிபண்றேன்னு வாங்கி வச்சு, உப்புக்காத்துல பாடி பூத்துப்போயி திருப்பிக் குடுத்தீக. உள்ள தேயுற கார்பன் பிரஷ்ஷு கூட மாத்தல.

மண்டபம் மச்சான்: ஆக இது டயோடு தகராறா? நான் வோல்ட்டுன்னு நினைச்சு இம்புட்டு நேரம் படிச்சேன்.

மின்னல்ராசா: வோல்ட்டுதான். 14.2ல ஃபுல் ஆகாது.

பட்டறைக்காரன்: ஞாயித்துக்கிழமை சாயல்குடி வா. உன் மீட்டரையே வைப்போம், பேட்டரி முனையிலயே வைப்போம்.

மின்னல்ராசா: வர்றேன். பெட்ரோல் யாரு காசு?

பட்டறைக்காரன்: சந்தேகம் யாருக்கோ அவன் காசு.

மின்னல்ராசா: எனக்கு என்ன சந்தேகம்? தாள்ல 14.4னு போட்டிருக்கு.