ஆல்பம்: தொகுப்பா, கோவையா? ஆண்டுத் தேர்வுப் படிவத்துக்கு ஒரு சொல்

தி.ந. எழுதியது:

வணக்கம்.

2024-இல் வந்தவற்றுள் பிடித்த ஆல்பங்களைத் தேர்ந்தெடுக்கும் படிவத்தைத் தமிழில் அமைக்க உட்கார்ந்தால் முதல் வரியே இடிக்கிறது. "உங்களுக்குப் பிடித்த 10 ஆல்பங்களை எழுதுக" என்று போட்டால் தனிப்பாட்டுகளாக வந்து குவியும். வாக்காளர் மேல் தவறில்லை. யூடியூப் தமிழில் 'ஆல்பம் சாங்' என்றால் படத்தில் வராத ஒற்றைப் பாட்டு என்று பொருள் நின்றுவிட்டது. முழு ஆல்பத்துக்கு அங்கே வழங்கும் பெயர் 'ஜூக்பாக்ஸ்'. நாம் பத்துப் பாட்டைக் கேட்கிறோம், அவர்களுக்கு ஒரு பாட்டு கேட்கிறது.

புள்ளி முறையில் குழப்பம் இல்லை. ஆளுக்கு 100 புள்ளி, 10 பெயர். ஒரு பெயருக்கு 30-க்கு மேல் கூடாது, 5-க்குக் கீழும் கூடாது. நியூயார்க்கின் வில்லேஜ் வாய்ஸ் இதழ் தன் விமர்சகர் வாக்கெடுப்பில் நெடுங்காலம் கையாண்ட முறை இது. எல்லாவற்றுக்கும் பத்துப் பத்தாகப் போட்டுவிட்டுப் போகிறவரையும், ஒன்றை உயிராக நேசிக்கிறவரையும் இந்த முறை பிரித்துக் காட்டும்.

சொல்தான் வேண்டும். இதுவரை கண்ணில் பட்டவை: இசைத்தொகுப்பு, இசைத்தட்டு, இசைப்பேழை, இசைக்கோவை. இவை எதுவும் வேண்டாம், ஆல்பமே போதும் என்பவர்களும் காரணத்தோடு எழுதுங்கள்.

க.செ. எழுதியது:

> இசைத்தொகுப்பு, இசைத்தட்டு, இசைப்பேழை

தட்டும் பேழையும் பொருளைச் சுட்டுபவை. எல்.பி. ரெக்கார்டு தட்டு. ஒலிப்பேழை என்று நாம் கேசட்டைச் சொன்னோம். இன்று ஒரு ஆல்பம் தட்டாகவும் வரும், கோப்பாகவும் வரும், இரண்டுமில்லாமல் ஸ்ட்ரீமிங்கில் மட்டும் இருந்துவிட்டும் போகும். ஊடகத்தின் பெயரைப் படைப்புக்கு வைத்தால் ஊடகம் மாறும்போதெல்லாம் சொல்லும் மாற வேண்டும்.

இசைத்தொகுப்பு ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. கேட்டவுடன் பொருள் விளங்கும். அதையே வைத்துக்கொள்ளலாம் என்பது என் வாக்கு.

மு.வே. எழுதியது:

செ. அண்ணா, தொகுப்பை ஆல்பத்துக்குக் கொடுத்துவிட்டால் கம்பைலேஷனுக்கு என்ன மிஞ்சும்? 'எழுபதுகளின் இனிய காதல் பாடல்கள்' என்று ஒரு நிறுவனம் பொறுக்கிப் போடுகிறதே, அதுதான் தொகுப்பு. பாட்டுகள் முன்பே இருக்கின்றன, வேறொருவர் பிறகு வந்து சேர்க்கிறார். ஆல்பம் அப்படியில்லை. அந்த வரிசைக்காகவே பாட்டுகள் பதிவாகின்றன. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் "தொகுப்புகளுக்கு வாக்களிக்க வேண்டாம்" என்று படிவத்தில் விதி எழுதக்கூட முடியாது.

இந்த வேறுபாட்டை நம் இலக்கணம் எப்போதோ பார்த்துவிட்டது. தண்டியலங்காரம் செய்யுளை நான்காகப் பிரிக்கிறது: முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை. தனியே நின்று பொருள் முடிவது முத்தகம், நம் கணக்கில் சிங்கிள். சில பாட்டுகள் சேர்ந்து ஒரே வினைமுடிபு கொள்வது குளகம். கொஞ்சம் வலிந்து சொன்னால், நாலைந்து பாட்டு கொண்ட சிறு வெளியீடான ஈ.பி. பல பாட்டுகளைத் திரட்டி வைத்தது தொகைநிலை, கம்பைலேஷன். பொருளாலோ சொல்லாலோ ஒன்றையொன்று பற்றிச் செல்வது தொடர்நிலை. ஆல்பத்தின் இடம் இந்த நான்காவதில் இருக்கிறது.

'இசைத்தொடர்' என்றால் தொலைக்காட்சி சீரியல் நினைவுக்கு வரும். அதனால் கோவை. திருக்கோவையாரில் 400 பாட்டு. ஒவ்வொன்றும் தனித்து நிற்கும், ஆனாலும் களவிலிருந்து கற்பு வரை துறை துறையாக நகரும் வரிசையைக் கலைத்தால் நூல் போய்விடும். நல்ல ஆல்பமும் அப்படித்தான். 'இசைக்கோவை' என்பது என் முன்மொழிவு.

க.செ. எழுதியது:

> பல பாட்டுகளைத் திரட்டி வைத்தது தொகைநிலை, கம்பைலேஷன்

அதே தண்டியலங்காரச் சூத்திரத்தை முழுவதும் படியுங்கள் தம்பி. தொகைநிலை "ஒருவர் உரைத்தவும் பல்லோர் பகர்ந்தவும்" என்றுதான் தொடங்குகிறது. ஒருவர் உரைத்ததற்கு உரைகாரர் காட்டும் எடுத்துக்காட்டு திருக்குறள். ஒரே ஆசிரியர், ஒரே திட்டம், அதிகார வரிசை எல்லாம் இருந்தும் குறளைத் தொகையில்தான் வைத்தார்கள். ஆகவே தொகை என்றாலே பிறர் பொறுக்கியது என்பதற்குத் தண்டி துணை வரமாட்டார்.

மு.வே. எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். இலக்கணத்தைச் சான்றாக வைக்கவில்லை, சொல் எடுக்கும் கிணறாக மட்டும் வைத்துக்கொள்கிறேன். இன்றைய காதுக்குத் தொகுப்பு என்றால் 'சேர்த்துப் போட்டது', கோவை என்றால் 'கோத்தது'. வாக்காளருக்கு அந்த வேறுபாடு போதும்.

ப.த. எழுதியது (யாழ்ப்பாணம்):

வணக்கம். இலங்கைப் பக்கத்தில் இருந்து இரண்டு குறிப்புகள்.

ஒன்று, ஆல்பத்தை நாங்கள் 'அல்பம்' என்று எழுதுவோம். தமிழ்நாட்டு நண்பர்கள் அதை 'அற்பம்' என்று வாசித்துவிட்டுச் சிரிப்பார்கள். ஆகவே கடன்சொல்லையே வைப்போம் என்றாலும் எழுத்துக்கூட்டல் சண்டை தீராது.

இரண்டு, கோவை என்றால் இங்கே அலுவலக ஃபைல். அரச ஊழியரின் தனிக் கோப்புக்குப் பெயர்வழிக்கோவை என்றுதான் பெயர். சட்டத்திலும் தண்டனைச் சட்டக்கோவை இருக்கிறது. 'கோவையைத் திற' என்று ஒரு மென்பொருள் சொன்னால் எங்கட ஆட்கள் எம்பி3 கோப்பைத்தான் தேடுவார்கள். உங்கள் பக்கத்தில் கோவை என்றால் கோயம்புத்தூர். தேடுபொறி என்ன செய்யும் என்று யோசித்தீர்களா?

'இசைச்சரம்' எப்படி? பூவைத் தொடுத்த மாதிரி.

இ.கு. எழுதியது:

சரம் அழகான சொல். ஆனால் கணினி நிரல் எழுதுகிறவர்களுக்கு அது ஸ்ட்ரிங், அதாவது எழுத்துகளின் தொடர். 'சரத்தின் நீளம்' என்று வரும் பிழைச்செய்தி எழுத்து எண்ணிக்கையா ஆல்பத்தின் நிமிடமா என்று தெரியாது. மரபுப்படி 'தொடை' இன்னும் பொருத்தம்தான், அதை யாரும் முன்மொழியாமல் இருக்கும் காரணமும் தெரியும் :-)

கோவைக்கு இன்னொரு காரணம் சொல்கிறேன், தட்டு வெட்டும் பட்டறையிலிருந்து. ஆல்பம் என்ற பெயர் வந்ததே 78 சுற்றுத் தட்டுகளை வைக்கும் பைண்டு புத்தகத்தால். 12 அங்குலத் தட்டில் பக்கத்துக்கு நான்கு நிமிடம் சொச்சம். 40 நிமிட சிம்பொனிக்கு ஐந்து தட்டு. அவற்றை உறை உறையாகத் தைத்து, போட்டோ ஆல்பம் போல விற்றார்கள். 1948-இல் கொலம்பியா எல்.பி.யைக் கொண்டுவந்தபோது பக்கத்துக்கு 22 நிமிடம் அளவில் கிடைத்தது. புத்தகம் போய்விட்டது, பெயர் மட்டும் நின்றது.

எல்.பி.யில் வரிசை என்பது ரசனை மட்டுமில்லை, இயற்பியலும்கூட. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்று ஒரே வேகத்தில்தான் சுழலும். வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் நொடிக்குச் சுமார் 51 செ.மீ. பள்ளம் ஓடும். லேபிளை நெருங்கும்போது 21 செ.மீ.தான். அதே அலை பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கியடிக்கும். 'ஸ', 'ஷ' ஒலிகளும் ஜால்ராவும் கரகரக்கும். அதனால் சத்தமான பாட்டைப் பக்கத்தின் தொடக்கத்திலும் மெல்லியதைக் கடைசியிலும் வைப்பது வழக்கமாயிற்று. முதல் பக்கத்தின் ஐந்தாம் பாட்டு ஏன் அடங்கியே இருக்கிறது என்று யோசித்தவர்களுக்கு விடை இதுதான்.

இன்றும் வரிசைக்காகச் சண்டை நடக்கிறது. 2021 நவம்பரில் பாடகி அடேல் கேட்டுக்கொண்டதற்காக, ஆல்பப் பக்கத்தில் ஷஃபிள் (பாட்டுகளை வரிசை மாற்றிப் போடுவது) முதன்மைப் பொத்தானாக இருந்ததை ஸ்பாட்டிஃபை மாற்றியது. கலைத்துப் போட்டால் கெட்டுப்போகும் ஒன்றுக்குக் கோவை சரியான பெயர். கலைத்தாலும் கெடாததைத் திரட்டு என்போம். தனிப்பாடல் திரட்டு என்று நூலே இருக்கிறது.

தி.ந. எழுதியது:

திரட்டு நன்றாக விழுந்தது. சுருக்கிக் கேட்கிறேன்: படைத்தவர் வரிசைப்படுத்தியது கோவை, வேறொருவர் பொறுக்கியது திரட்டு, கேட்பவர் தன் ஃபோனில் அடுக்கிக்கொள்வது பட்டியல். சரியா?

அடுத்தது அளவு. எத்தனை பாட்டு இருந்தால் கோவை?

க.செ. எழுதியது:

அளவு ஆளுக்கொன்றாக இருக்கிறது. ஆப்பிள் மியூசிக்கில் 7 பாட்டு இருந்தாலோ மொத்தம் 30 நிமிடத்தைத் தாண்டினாலோ ஆல்பம். 4 முதல் 6 பாட்டு, 30 நிமிடத்துக்குள் என்றால் ஈ.பி. பிரிட்டன் தரவரிசையில் 4 பாட்டைத் தாண்டினால் அல்லது 25 நிமிடத்தைத் தாண்டினால் ஆல்பம். அமெரிக்காவின் கிராமி இசை விருதில் குறைந்தது 5 பாட்டும் 15 நிமிடமும் வேண்டும், 30 நிமிடத்தைத் தொட்டால் பாட்டு எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை.

நமக்கு ஆப்பிள் கணக்குப் பொருந்தும். கச்சேரிப் பதிவுகளை நினையுங்கள். ஒரு ராகம் தானம் பல்லவி 50 நிமிடம், முன்னால் ஒரு வர்ணம், பின்னால் ஒரு தில்லானா. எண்ணினால் மூன்று, ஆனால் அது முழுக் கோவை. 2024 மார்ச்சில் வந்த சிண்டி லீயின் 'டயமண்ட் ஜூபிலி' இன்னும் விசித்திரம். 32 பாட்டு, இரண்டு மணி நேரம். வந்தபோது ஸ்பாட்டிஃபையில் இல்லை, யூடியூபில் ஒரே நீண்ட காணொளி. எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் படிவம் அதை ஒற்றைப் பாட்டு என்று தள்ளிவிடும். நேரத்தையும் கேளுங்கள்.

ஈ.பி.க்குக் 'குறுங்கோவை'. 7 அங்குலத் தட்டில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு சினிமாப் பாட்டு வந்ததே, அந்த ஈ.பி.க்கும் இது பொருந்தும்.

மு.வே. எழுதியது:

சொல் அமைந்தாலும் வாக்குச் சிதறும் இடம் ஒன்று இருக்கிறது: பதிப்பு. டெய்லர் ஸ்விஃப்டின் 'தி டார்ச்சர்ட் போயட்ஸ் டிபார்ட்மென்ட்' 2024 ஏப்ரல் 19 அன்று 16 பாட்டோடு வந்தது. இரண்டு மணி நேரத்தில் இன்னும் 15 சேர்த்து 31 ஆயிற்று. சார்லி எக்ஸ்சிஎக்ஸின் 'பிராட்' ஜூனில் வந்தது. சில நாளில் மூன்று பாட்டு கூட்டிய பதிப்பு வந்தது. அக்டோபரில் வேறு கலைஞர்களோடு திரும்பச் செய்த ரீமிக்ஸ் பதிப்பும் வந்தது. மூன்றையும் மூன்று பெயராக எண்ணினால் முதலிடத்துக்குரியது ஐந்தாம் இடத்தில் போய் விழும்.

என் யோசனை: கோவை ஒன்று, பதிப்பு பல. கூடுதல் பாட்டு சேர்ந்த பதிப்புக்கு விழும் வாக்கு மூலக் கோவைக்கே சேரும். பெரும்பகுதி புதிதாகப் பதிவானால் மட்டும் தனிக் கோவை. கிராமி இதற்கு 75 சதவீதம் என்று கோடு போட்டிருக்கிறது, மொத்த நேரத்தில். நாமும் அதையே வைக்கலாம். அப்போது 'பிராட்' இரண்டு கோவையாகும், மூன்று ஆகாது.

இ.கு. எழுதியது:

ஆண்டையும் பேசிவிடுவோம். கிராமியின் ஆண்டு நம் ஆண்டில்லை. 2025 பிப்ரவரி விழாவுக்கு 2023 செப்டம்பர் 16 முதல் 2024 ஆகஸ்ட் 30 வரை வந்தவைதான் தகுதி. அதனால்தான் 2023 நவம்பரில் வந்த ஆந்த்ரே 3000-இன் புல்லாங்குழல் ஆல்பம், பியான்சேயின் 2024 ஆல்பம் 'கவ்பாய் கார்ட்டர்' வென்ற அதே வரிசையில் நின்றது. நாடு மாறினாலும் ஆண்டு மாறும். கிளாஷ் இசைக்குழுவின் 'லண்டன் காலிங்' பிரிட்டனில் 1979 டிசம்பரிலும் அமெரிக்காவில் 1980 ஜனவரியிலும் வந்தது. ரோலிங் ஸ்டோன் இதழ் அதை எண்பதுகளின் தலைசிறந்த ஆல்பமாக அறிவித்தது, லண்டன்காரர்களுக்கு அது எழுபதுகளின் சொத்து.

நம் சினிமாவில் இது இன்னும் மோசம். 'மாஸ்டர்' பாட்டுகள் 2020 மார்ச்சில் வந்தன, படம் 2021 ஜனவரியில். படத்தின் ஆண்டைப் போடுகிறவர்கள் ஒரு பக்கம், பாட்டின் ஆண்டைப் போடுகிறவர்கள் ஒரு பக்கம். ஒவ்வொரு பாட்டாக வாரத்துக்கொன்று விட்டுவிட்டுக் கடைசியில் ஜூக்பாக்ஸ் போடும் இன்றைய வழக்கத்தில், முழுக் கோவை கிடைத்த நாளையே வெளியீட்டு நாள் என்று கொள்ள வேண்டும். பின்னணி இசை தனியாக வந்தால் அது வேறு கோவை.

க.செ. எழுதியது:

பெயர் எழுதும் கட்டம் பற்றி ஒன்று. படிவத்தில் 'கலைஞர்' என்று மட்டும் கேட்காதீர்கள். சினிமாப் பாட்டில் ஒருவர் பாடகியை எழுதுவார், ஒருவர் இசையமைப்பாளரை, ஒருவர் கதாநாயகனை. மியூசிக் பிளேயரில் நடப்பதும் இதுதான். எம்பி3-இன் 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' கட்டம் காலியாக இருந்தால் பல பிளேயர்கள் பாடகர் பெயரைப் பார்த்து, ஆறு பாட்டுப் படத்தை ஆறு ஆல்பமாக உடைத்துவிடும். ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டு. சரிசெய்ய, ஆறு பாட்டிலும் அந்தக் கட்டத்தில் இசையமைப்பாளர் பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் நிரப்ப வேண்டும். 'ரஹ்மான்', 'ரகுமான்' இரண்டும் கலந்தால் மறுபடி இரண்டாக உடையும். பாடகர்கள் பாட்டுக்குரிய கட்டத்தில் இருக்கட்டும். படத்துக்கு நான்கைந்து இசையமைப்பாளர் என்றால் 'பலர்' என்று போட்டுத் திரட்டுக் குறியை இட வேண்டும்.

அந்தக் கட்டத்துக்குக் 'கோவை முதல்வர்' என்று எழுத நினைத்தேன், கல்லூரி நினைவு வருகிறது. 'கோவைக்குரியவர்' போதும்.

தி.ந. எழுதியது:

படிவ வாசகம் இது, திருத்தம் இருந்தால் ஞாயிறுக்குள் சொல்லுங்கள்:

"2024 ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை முழுமையாக வெளிவந்த 10 இசைக்கோவைகளை எழுதுக. இசைக்கோவை: ஒரு கலைஞரோ குழுவோ இசையமைப்பாளரோ ஒரே வெளியீடாக வரிசைப்படுத்திய இசை (ஆல்பம், ஜூக்பாக்ஸ்). 7 பாட்டுக்குக் குறையாமல், அல்லது 30 நிமிடத்துக்கு மேல். தனிப்பாட்டு, குறுங்கோவை, திரட்டு ஆகியவை இந்தப் பட்டியலில் சேரா."

ப.த. எழுதியது:

ஓம், சரி. இரண்டு நிபந்தனை. 'கோவை' என்று தனித்து எங்கும் வரக்கூடாது, எப்போதும் 'இசைக்கோவை'. செ. அண்ணாவின் 'கோவைக்குரியவர்' பெயர்வழிக்கோவைக்குச் சொந்தக்காரர் மாதிரி இருக்கிறது, அதை 'இசைக்கோவை யாருடையது?' என்று கேள்வியாக மாற்றுங்கள். மற்றது, அடைப்புக்குறிக்குள் ஆல்பத்துக்குப் பக்கத்தில் 'அல்பம்' என்றும் போடுங்கோ. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.