இலங்கையின் எல்லே ஆட்டம் பார்த்து வளர்ந்தவருக்கு பேஸ்போலை எப்படி விளக்குவது?

பரந்தன்காரி:
ரொறன்ரோவில் இருக்கும் சித்தப்பாவுக்கு அந்த ஊர் பேஸ்போல் அணி புளூ ஜேஸ்தான் உயிர். 1993-ல் ஜோ கார்ட்டர் அடித்த ஒரே அடியில் பிலடெல்பியா தோற்றுக் கோப்பை வந்த கதையை எத்தனை தரம் சொன்னாலும் அவருக்கு அலுக்காது. அங்கே இரவு 7 மணி ஆட்டம் என்றால் இங்கே இலங்கையில் விடிய 4.30. அப்பாவும் நானும் பிளேன்டியோடு எழும்பிப் பார்க்கிறோம். அப்பா விடாமல் கேட்பது: எறிகிற பந்து உடம்பில் பட்ட துடுப்பாளருக்கு ஏன் முதல் தளத்தை (அடித்தபின் ஓடிச் சேரவேண்டிய முதல் இடத்தை) சும்மா கொடுக்கிறார்கள்? எல்லேயில் அடித்துவிட்டு ஓடும்போது பந்து பட்டால் அவுட் அல்லவா?

விசுவமடு அண்ணா:
தங்கச்சி, எல்லேக்கு ரெனிஸ் பந்து, பட்டாலும் காயமில்லை. பேஸ்போல் பந்து கல்லு மாதிரி. அதனால் ஓடுபவரைப் பந்து வைத்திருக்கும் கையால் தொட்டு அவுட்டாக்கலாம், அவர் மேல் எறிந்து அவுட்டாக்க முடியாது. துடுப்பாளர் மேல் பட்டால் அது எறிந்தவர் பிழை. விலக முயலாமல் நின்றால் தளம் கிடையாது.

கண்டாவளை மருமகன்:
புளூ ஜேஸ் நியூயோர்க் அணியான யாங்கீஸுடன் ஆடும் நாளைத் தவறவிடாதீர்கள். இரண்டும் ஒரே பிரிவு, சூடு பறக்கும். எனக்கு அது சித்திரை வருடப்பிறப்பு எல்லே போல. மாமாவின் சைக்கிள் பாரில் இருந்து போவேன். பக்கத்து ஊரிடம் தோற்றால் வீடு வரும்வரை மாமா பேசமாட்டார்.

பரந்தன்காரி:
நன்றி அண்ணா. வாசித்துக் காட்டினேன். "அப்ப சரி, நியாயம்தான்" என்றார் அப்பா. நாளைக்கும் 4 மணிக்கு எழுப்பச் சொல்லியிருக்கிறார்.