கிட் போட்டு ஏற்றிய பிறகும் கியர் விழ மறுக்கிறது: உதவி தேவை

வியாசர்பாடி_800:
அனைவருக்கும் வணக்கம். என் காரின் கியர்பாக்ஸை வீட்டு வாசலிலேயே இறக்கி, கிட் (மாற்று உதிரிபாகத் தொகுப்பு) வாங்கி, பேரிங், ஆயில் சீல், சிங்க்ரோ ரிங் (கியர் அரைக்காமல் விழ வேகத்தைச் சமன்செய்யும் பித்தளை வளையம்) ஆகியவற்றை மாற்றி மீண்டும் ஏற்றிவிட்டேன். முன்பிருந்த உறுமல் சத்தம் அறவே நின்றுவிட்டது. ஆனால் கியர் விழ மறுக்கிறது. அழுத்தித் தள்ளினால் கரகரவென்று அரைக்கிறது. பெட்டியை மறுபடியும் பிரிக்க வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமை குடும்பத்துடன் திருத்தணிக்குப் போக வேண்டியிருப்பதால் விரைவில் பதில் கூறுங்கள்.

மூலக்கடை_ஸ்பேனர்:
எந்த வண்டி, எந்த ஆண்டு, நான்கு கியர் பெட்டியா ஐந்து கியர் பெட்டியா என்று எதுவுமே சொல்லவில்லையே, நண்பரே. பெயரைப் பார்த்து மாருதி 800 என்று ஊகிக்கிறேன். அதில் பெரும்பாலும் நான்கு கியர்தான் என்றாலும் சில வகைகளில் ஐந்தும் வந்தது. கிட் வாங்கும்போது அதைக் கவனித்தீர்களா? எந்தக் கியர் விழவில்லை, எஞ்சின் ஓடும்போது மட்டுமா, நிறுத்திய நிலையிலுமா என்பதையும் எழுதுங்கள்.

பெரம்பூர்_ஃபிட்டர்:
தம்பி, லோகோ ஒர்க்ஸில் பணி ஓய்வு பெறும்வரை இரும்போடுதான் வாழ்ந்தேன் என்பதால் சொல்கிறேன். கியர்பாக்ஸ் என்பது காணொளியைப் பார்த்துவிட்டு வாசலில் பழைய கோணியை விரித்துப் பிரிக்கிற பொருள் அல்ல. நீங்கள் செய்தது என்னவென்று எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. ஹப்பை (சிங்க்ரோவின் நடுத் துண்டை) ஷாஃப்டில், அதாவது தண்டில், அழுத்தி ஏற்றும்போது, சிங்க்ரோ ரிங்கிலுள்ள மூன்று வெட்டுகளும் ஹப்பிலுள்ள மூன்று கீகளுக்கு (சிறு உலோகத் துண்டுகளுக்கு) நேராக அமர்ந்திருக்க வேண்டும். சற்றே விலகியிருந்தாலும் கீ ரிங்கின் விளிம்பின்மேல் ஏறி நின்று அதை நசுக்கிவிடும். பிறகு ரிங்குக்கும் கியரின் பல்லுக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி இல்லாமல் போய், கியர் எப்போதும் ஷாஃப்டோடு உரசிக்கொண்டே சுற்றும். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து அந்த இடைவெளியைப் பார்த்தீர்களா? சுசுகி பெட்டிகளில் புது ரிங் என்றால் ஏறக்குறைய 1 மி.மீ. இருக்கும்; 0.5 மி.மீ.க்குக் கீழே போனால் ரிங் தேய்ந்துவிட்டது என்று பொருள். அளக்காமல் மூடிய பெட்டியை நான் பெட்டியாகவே கருதுவதில்லை. பிரித்துப் பாருங்கள்.

வியாசர்பாடி_800:
மாருதி 800, 2004, நான்கு கியர். எல்லாக் கியரும் சிரமப்படுகின்றன. ரிவர்ஸ் மிக மோசம். எஞ்சினை நிறுத்தினால் எல்லாம் வெண்ணெய்போல் விழுகின்றன. ரிங்கை அளந்துதான் மாட்டினேன், ஐயா.

எண்ணூர்_கடற்காற்று:
என்ன ஆயில் ஊற்றினீர்கள்? கடைக்காரர்கள் 'கியர் ஆயில்' என்று கேட்டவுடன் லாரி டிஃபரன்ஷியலுக்கான (சுழற்சியை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பாகத்துக்கான) ஜி.எல்.5 தர ரகத்தை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அதில் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம் ஜி.எல்.4 ரகத்தைவிட ஏறத்தாழ இரு மடங்கு இருப்பதால், பித்தளையாலான சிங்க்ரோ ரிங்கை நாளடைவில் அரிக்கக்கூடும். போதாதற்கு அதன் வழுக்கல் அதிகமாகி, ரிங் கோனைப் (கியரின் கூம்புப் பகுதியைப்) பற்றிப் பிடிக்காமல் அரைக்கும். வடித்துவிட்டு 75டபிள்யூ-90 (ஆயிலின் கெட்டித்தன்மைக் குறியீடு), ஜி.எல்.4 ஊற்றுங்கள்.

பெரம்பூர்_ஃபிட்டர்:
ஆயில் அரிக்கும் என்பது பழங்கதை. இப்போதைய ஆயில்களில் பித்தளையைக் காக்கும் சேர்மானமும் உண்டு. இரண்டு தரத்துக்கும் பொருந்துவதாக டப்பாவிலேயே அச்சிட்டு வருபவையும் உண்டு. இளைஞரைத் தவறான திசையில் அனுப்பாதீர்கள்.

எண்ணூர்_கடற்காற்று:
ஐயா, அடிப்படையைக் கவனியுங்கள். ஜி.எல்.5 உருவானதே ஹைப்பாய்ட் எனப்படும் வளைந்த பல்லுக்காக. அங்கே பற்கள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்குவதால்தான் அவ்வளவு சேர்மானம் தேவைப்படுகிறது. 800-இல் எஞ்சின் குறுக்காக இருப்பதால் டிஃபரன்ஷியலும் அதே பெட்டிக்குள் சாதாரணச் சாய்வுப் பல்லோடு ஓடுகிறது. தேவையே இல்லாத ஒன்றை ஊற்றி, பிறகு அதற்குப் பாதுகாப்பும் தேடுவது எதற்கு?

பெரம்பூர்_ஃபிட்டர்:
பல்லின் வகை குறித்து நீங்கள் சொல்வது சரி. அரிக்கும் என்பதை நான் ஏற்கவில்லை.

ராயபுரம்_லேத்:
ஆயில் வாதத்தைத் தனியாக வைத்துக்கொள்ளலாம். கேட்டவரின் இரண்டாவது பதிவில் விடை ஏறக்குறைய இருக்கிறது. எஞ்சின் நின்றிருக்கும்போது நான்கும் எளிதாக விழுகின்றன என்றால் கியரை நகர்த்தும் ஃபோர்க், ஸ்லீவ், லிங்க்கேஜ் மூன்றின்மீதும் எனக்குச் சந்தேகமில்லை. ரிவர்ஸுக்குச் சிங்க்ரோ கிடையாது. நேர்ப்பல் ஐட்லர் (இடைக் கியர்) நகர்ந்து வந்து நேரடியாகக் கோத்துக்கொள்ளும். ஆகவே இன்புட் ஷாஃப்ட் (கிளட்சிலிருந்து பெட்டிக்குள் வரும் தண்டு) சுற்றிக்கொண்டிருந்தால் முதலில் அலறுவது அதுதான். கிளட்சை மிதித்த பிறகும் ஷாஃப்ட் சுற்றுகிறது, அதாவது கிளட்ச் முழுமையாக விடுபடவில்லை என்பது என் கருத்து.

பெட்டியை இறக்காமலே சோதிக்கலாம். எஞ்சினை ஐட்லில் விட்டு, கிளட்சை முழுவதும் மிதித்து, பத்து விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் அரைத்தால் கிளட்ச்தான். உறுதிப்படுத்த இன்னொன்று: எஞ்சினை நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கைப் பிரேக்கை இழுத்து, முன்சக்கரம் ஒன்றை மட்டும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். இரண்டையும் தூக்கினால் டிஃபரன்ஷியல் மற்றொன்றை எதிர்ப்பக்கம் சுற்றிவிட்டு உங்களை ஏமாற்றிவிடும். முதல் கியரில் போட்டு, ஒருவரைக் கிளட்சை மிதிக்கச் சொல்லிவிட்டுச் சக்கரத்தைக் கையால் திருப்புங்கள். எஞ்சினின் கனம் கைக்குத் தெரிந்தால் பிளேட் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

முதலில் கிளட்ச் வயரின் தளர்வைச் சரிபாருங்கள். கிளட்ச் பிளேட்டை மாற்றினீர்களா? பெட்டியை ஏற்றும்போது ஜாக் இருந்ததா, ஆள் பிடித்தார்களா? ஷாஃப்ட் பிளேட்டுக்குள் நுழைந்த நிலையில் பெட்டியின் பாரம் சிறிது நேரம் அதன்மேல் தொங்கினாலும் பிளேட் வளைந்துவிடும். லேத்துக்கு வருபவர்களிடம் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

வியாசர்பாடி_800:
கிளட்ச் பிளேட்டின் தடிமன் நன்றாக இருந்ததால் பழையதையே போட்டேன். என் மைத்துனரும் நானும் தூக்கி ஏற்றினோம். மிக்ஜாம் வெள்ளத்தில் வண்டி நின்றது, அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்குமா?

மூலக்கடை_ஸ்பேனர்:
நண்பரே, இதைத்தான் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்! 2023 டிசம்பரில் நம் பகுதியில் எத்தனை நாள் தண்ணீர் தேங்கி நின்றது என்பது எல்லோருக்கும் தெரியும். பெட்டியின் மேலிருக்கும் பிரீதர் (காற்றுத் துளை) வழியாகத் தண்ணீர் இறங்கினால் ஆயில் வெளுத்துக் குழம்பிவிடும்; பேரிங்கின் உறுமலுக்கும் அதுவே காரணமாக இருந்திருக்கலாம். அதை நீங்கள் சரிசெய்துவிட்டீர்கள். ஆனால் அதே தண்ணீர் கிளட்ச் இருக்கும் கூடான பெல் ஹவுசிங்குக்குள்ளும் போயிருக்கும். அங்கே ஆயில் கிடையாது. இன்புட் ஷாஃப்டின் ஸ்பிளைன் (பிளேட் நகரும் நீளப் பல்வரிகள்) உலர்ந்து துருப்பிடித்தால், பிரஷர் பிளேட் விலகினாலும் கிளட்ச் பிளேட் பின்னுக்கு நகராமல் ஃப்ளைவீலோடு உரசிக்கொண்டே இருக்கும்.

எண்ணூர்_கடற்காற்று:
எங்கள் பக்கம் வெள்ளம் வராத ஆண்டிலேயே உப்புக் காற்றில் ஸ்பிளைன் பழுப்பேறிவிடும். ஏற்றும்போது வெப்பம் தாங்கும் கிரீஸை மிக மெல்லிய படலமாகப் பூசுங்கள். கூடிப்போனால் அது தெறித்துப் பிளேட்டில் படிந்து வழுக்கும். ஆயில் பெயரை இன்னும் சொல்லவில்லை.

பெரம்பூர்_ஃபிட்டர்:
கிளட்சாகவும் இருக்கலாம். எதுவாயினும் பெட்டியை இறக்கத்தான் வேண்டும். இறக்கும்போது நான் சொன்ன இடைவெளியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ராயபுரம்_லேத்:
மன்னிக்க வேண்டும், ஐயா, அதைப் பார்க்கப் பெட்டியைப் பிரிக்க வேண்டியிருக்கும். ரிங் நசுங்கியிருந்தால் நியூட்ரலில், கிளட்ச் மிதிக்காத நிலையிலேயே வண்டி மெல்ல நகர முயலும். தூக்கிய சக்கரம் நியூட்ரலில் தாராளமாகச் சுற்றுகிறதா என்று பார்த்தால் போதும். புது ஆயில் சீலையும் சீலன்டையும் வீணாக்க வேண்டாம்.

வியாசர்பாடி_800:
நியூட்ரலில் சக்கரம் எளிதாகச் சுற்றுகிறது. கிளட்ச் மிதித்து முதல் கியரில் திருப்பினால் கனமாக இருக்கிறது. வயரை இறுக்கியும் மாற்றமில்லை. இறக்குகிறேன்.

பெரம்பூர்_ஃபிட்டர்:
இந்த முறை வாடகைக்காவது ஒரு ஜாக் எடுத்துக்கொள்ளுங்கள், தம்பி. இரண்டு பேர் கையில் பெட்டியைத் தாங்கிக்கொண்டு ஸ்பிளைனைத் தேடக் கூடாது. பிளேட்டை நடுவில் நிறுத்தும் அலைன்மென்ட் கருவி இல்லையென்றால் அதே அளவில் ஒரு கட்டையை லேத்தில் கடைந்து வாங்குங்கள்.

மூலக்கடை_ஸ்பேனர்:
இறக்கியதும் பழைய பிளேட்டை ஷாஃப்டில் போட்டு முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். தன் எடையிலேயே வழுக்கி இறங்க வேண்டும்.

வியாசர்பாடி_800:
பிளேட் ஷாஃப்டில் பாதியிலேயே நின்றுவிட்டது. துருவைத் தேய்த்து எடுத்து, புதுப் பிளேட் போட்டு, ஜாக் வைத்து ஏற்றியாயிற்று. ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுகிறது. காலையில் மட்டும் இரண்டாவது கியர் சற்று இறுக்கமாக இருக்கிறது. அனைவருக்கும் நன்றி.

ராயபுரம்_லேத்:
புது ரிங் கோனோடு பழகும்வரையிலும், ஆயில் சூடேறும்வரையிலும் அந்த இறுக்கம் இருக்கும். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு ஆயிலை ஒருமுறை வடித்து மாற்றிவிடுங்கள். ரிங் பழகும்போது உதிர்ந்த பித்தளைப் பொடி அதோடு வெளியேறிவிடும்.

எண்ணூர்_கடற்காற்று:
மாற்றும்போது ஜி.எல்.4 ஊற்றுங்கள்.