ஆலை ஆய்வுக்கூடத்தில் 9 ஆண்டுகள்: தோட்டத்துப் பட்டணத்தில் இருந்தபடியே தொழிலில் பெயர் எடுப்பது எப்படி?

செம்பனைப்பூ (பெஸ்தாரி ஜெயா):

அனைவருக்கும் வணக்கம். பெரியவர்கள் இன்றும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே அழைக்கும் பெஸ்தாரி ஜெயாவில் வசிக்கிறேன். வேதியியலில் டிப்ளோமா முடித்து, அருகிலுள்ள ஒரு செம்பனை எண்ணெய் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் 9 ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். கச்சா எண்ணெயில் எஃப்எஃப்ஏ எனப்படும் கட்டற்ற கொழுப்பு அமிலம் எவ்வளவு, ஈரம் எவ்வளவு, பிழிந்த நாரிலும் கழிவிலும் எவ்வளவு எண்ணெய் வீணாகிறது என்பவற்றை ஒவ்வொரு ஷிப்டிலும் சோதித்துப் பதிவு செய்வது என் வேலை.

கடந்த ஆண்டு சில வாரங்களாக, குறிப்பாகத் திங்கட்கிழமைகளில், அமில அளவு 5 விழுக்காட்டைத் தொட்டுத் தொட்டு மீண்டது. விற்பனை ஒப்பந்தங்களில் அதுதான் உச்ச வரம்பு என்பதால் ஆலையில் எல்லாருக்கும் பதற்றம். பழம் கனிந்துவிட்டது என்று சிலர் சொன்னார்கள். மழையைச் சிலர் குறை சொன்னார்கள். நான் லோரிகள் வந்த நேரத்தையும் சோதனை எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, சனிக்கிழமை மாலை இறக்கப்பட்ட குலைகள் ஞாயிறு முழுவதும் ரேம்பில் (ஆலையில் குலைகளை இறக்கி வைக்கும் சாய்தளம்) கிடந்ததுதான் காரணம் என்று தெரிந்தது. அதை 2 பக்கக் குறிப்பாக எழுதிக் கொடுத்தேன். இறக்கும் ஒழுங்கை மாற்றியதும் எண்கள் இறங்கின. ஆனால் தலைமையகக் கூட்டத்தில் அந்தக் குறிப்பு வேறொருவர் பெயரில் திரையில் காட்டப்பட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

இவ்வாண்டு தலைமையகத்தில் தர நிர்வாகி பதவி காலியானது. விண்ணப்பித்தும் கிடைக்கவில்லை. "மேலே உங்களை யாருக்கும் தெரியவில்லையே" என்று மேலாளர் வருத்தத்தோடுதான் சொன்னார். அதன் பிறகு நடந்த ஒருநாள் பயிற்சியில், ஒவ்வொருவரும் பெர்சனல் பிராண்டை, அதாவது தொழிலில் தனக்கென ஓர் அடையாளத்தை, உருவாக்கிக்கொள்ள வேண்டும், லிங்க்ட்இன் என்ற தொழில்முறைச் சமூகத் தளத்தில் தினமும் எழுத வேண்டும் என்று பயிற்றுநர் வலியுறுத்தினார்.

எனக்கு இரண்டு தயக்கங்கள் உள்ளன. என்னைப் பற்றி நானே எழுதுவது தம்பட்டம் அடிப்பதைப் போல இருக்கிறது. மேலும், லயத்தில் வளர்ந்தவள் என்பதால் இங்குள்ள எல்லாருக்கும் நான் இன்னார் மகள். நான் எதையாவது எழுதினால் அன்றிரவே கோயில் இளைஞர்களின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் அது கேலிக்குரிய பொருளாகிவிடும். உண்மையில் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

---

ஆள்தேர்வர் (ராவாங்):

வணக்கம், தங்கை. நான் மனிதவளத் துறையில் ஆள் தேர்வு செய்யும் பணியில் பல ஆண்டுகள் இருக்கிறேன். அந்தப் பயிற்றுநர் சொன்னவற்றில் 'தினமும்' என்ற சொல்லை முதலில் மறந்துவிடுங்கள். அமெரிக்க நிர்வாக எழுத்தாளர் டாம் பீட்டர்ஸ் 1997-இல் ஒரு வணிக இதழில் எழுதிய கட்டுரைதான் பெர்சனல் பிராண்ட் என்ற கருத்தைப் பரப்பியது. லிங்க்ட்இன் வந்ததோ 2003-இல். ஆகவே, நாள்தோறும் பதிவு போடுவதற்கும் தொழிலில் பெயர் எடுப்பதற்கும் பிறவித் தொடர்பு எதுவும் இல்லை. உங்கள் வேலையைப் பார்க்காத ஒருவர், நீங்கள் எதில் கைதேர்ந்தவர் என்பதை ஆதாரத்தோடு அறிந்துகொள்ள வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. உங்களைப் பொறுத்தவரை அந்த வழி இன்று இல்லை.

பெயரிலிருந்தே தொடங்குங்கள். நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஆனால் லிங்க்ட்இன் முதற்பெயர், கடைப்பெயர் என்று இரண்டு கட்டங்களைக் கொடுத்து நிரப்பச் சொல்கிறது. நம் பிள்ளைகள் ஒரு கட்டத்தில் 'ஏ/பி' (இன்னார் மகள் என்பதன் மலாய்ச் சுருக்கம்) என்றும், சான்றிதழில் முழுப் பெயரும், முகநூலில் செல்லப் பெயரும், மின்னஞ்சலில் வேறொன்றும் வைத்துக்கொள்கிறார்கள். நேர்முகத் தேர்வுக்கு அழைப்பதற்கு முன் பெயரைத் தேடிப் பார்க்கும் என்னைப் போன்றவர்களுக்கு இந்த நான்கும் ஒரே ஆள்தான் என்று எப்படித் தெரியும்? உங்கள் பெயரையும் தந்தை பெயரையும் ஒரே எழுத்துக்கூட்டலில், ஒரே வரிசையில் எல்லா இடத்திலும் எழுதுங்கள். 'ஏ/பி' அடையாள அட்டையில் இருந்தால் போதும்.

அடுத்து, பெயருக்குக் கீழே வரும் தலைப்பு வரி. அதில் 220 எழுத்துகள் வரை இடம் உண்டு. பெரும்பாலோர் பதவியின் பெயரை மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். 'ஆய்வுக்கூட உதவியாளர்' என்று யாரும் தேடுவதில்லை. செம்பனை ஆலைத் தரக் கட்டுப்பாடு, எண்ணெய் இழப்புப் பகுப்பாய்வு, எம்எஸ்பிஓ (மலேசிய நிலைத்தன்மைச் செம்பனை எண்ணெய்ச் சான்றிதழ்) ஆவணங்கள் என்று ஆங்கிலத்திலும் மலாயிலும் தேடுகிறோம். எம்எஸ்பிஓ சான்றிதழ் 2020 ஜனவரி 1 முதல் கட்டாயமானதிலிருந்து, ஆலையையும் அறிந்து ஆவணமும் எழுதத் தெரிந்தவர்களைத் தேடி நிறுவனங்கள் அலைகின்றன. உங்கள் 9 ஆண்டு அனுபவத்தில் அந்த வேலை கலந்திருந்தால், அதைச் சொல்லாமல் விடுவது அடக்கமாகாது, அலட்சியம்தான்.

புலனக் குழுவை நினைத்து அஞ்ச வேண்டாம். கோயில் இளைஞர்கள் உங்களுக்கு வேலை கொடுக்கப் போவதில்லை. இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் 1973-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அறிமுகமானவர் வழியாக வேலை பெற்றவர்களிடம், அந்த அறிமுகமானவரை எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை சந்தித்தீர்கள் என்று அவர் கேட்டார். அடிக்கடி சந்தித்தவர்கள் 16.7 விழுக்காடுதான். எப்போதாவது சந்தித்தவர்கள் 55.6 விழுக்காடு, அரிதாகச் சந்தித்தவர்கள் 27.8 விழுக்காடு. நெருங்கியவர்களுக்குத் தெரிந்த செய்தி நமக்கும் தெரிந்தே இருக்கும். தூரத்து அறிமுகத்திடமிருந்துதான் புதிய செய்தி வரும். தோட்டத்துப் பட்டணத்தில் எல்லாரும் எல்லாரையும் அறிவார்கள் என்ற பலமே இங்குப் பலவீனமாகிவிடுகிறது. உங்கள் எண்ணெயை வாங்கும் சுத்திகரிப்பு ஆலையின் ஆய்வுக்கூடத்தில் யாருடன் தொலைபேசியில் பேசுகிறீர்கள்? அவர்தான் நீங்கள் தேடும் ஆள்.

---

நீராவி (தெலுக் இந்தான்):

ஒரு முன்னெச்சரிக்கையை மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் கையைச் சுட்டுக்கொண்டவன் நான். வேறோர் ஆலையில் கொதிகலன் பிரிவில் இருந்தபோது, பழுது நீக்கும் வேலையை முடித்த பெருமையில் ஒரு படத்தைப் போட்டேன். படத்தின் ஓரத்தில் தலைக்கவசம் அணியாத ஒருவர் நின்றிருந்ததை நான் கவனிக்கவில்லை. பாதுகாப்பு அதிகாரி கவனித்தார். பின்னால் இருந்த பலகையில் அன்றைய உற்பத்திக் கணக்கு வேறு தெளிவாகத் தெரிந்தது. 84 பேர் விரும்பிய அந்தப் படத்துக்கு எனக்குக் கிடைத்தது எச்சரிக்கைக் கடிதம்.

ஆகவே சகோதரி, ஆலையின் எண்கள் ஆலைக்குச் சொந்தம் என்பதை மறந்துவிடாதீர்கள். நீங்கள் சிந்தித்த முறை உங்களுக்குச் சொந்தம். "எங்கள் ஆலையில் அமில அளவு இவ்வளவு" என்று எழுதினால் வம்பு. அடிபட்ட பழத்தில் லைப்பேஸ் என்னும் நொதி எண்ணெயைச் சிதைக்கத் தொடங்கிவிடும், ஆவியில் வேக வைக்கும் வரை அது நிற்காது, ஆகவே காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அமிலமாக மாறுகிறது, இதைக் கண்டுபிடிக்க லோரி நேரத்தையும் சோதனை நேரத்தையும் எப்படிப் பொருத்திப் பார்ப்பது என்று எழுதினால், அது எந்த ஆலைக்காரருக்கும் பயன்படும். உங்கள் நிறுவனத்தின் இரகசியமும் வெளியே போகாது. மாதம் ஒன்று எழுதினாலே நிறைவாக இருக்கும்.

பட்டம் இல்லாமல் அனுபவத்தால் உயர்ந்தவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு செய்தி: முன் அனுபவத்தை ஏற்று எஸ்கேஎம் என்ற மலேசியத் திறன் சான்றிதழ் வழங்கும் பிபிடி என்ற முறை திறன் மேம்பாட்டுத் துறையிடம் உண்டு. வகுப்பில் உட்காராமல், செய்த வேலைக்கான சான்றுகளைக் கோப்பாகத் தொகுத்துக் கொடுத்து மதிப்பீட்டுக்குச் செல்ல வேண்டும். படம், பதிவேட்டின் பிரதி, மேற்பார்வையாளர் கையொப்பம் என்று அந்தக் கோப்பைத் தொகுத்தபோதுதான், இத்தனை ஆண்டுகளில் என்னென்ன செய்திருக்கிறேன் என்பது எனக்கே தெரிந்தது.

---

பழைய கிராணி (கோலசிலாங்கூர்):

மகளே, நீங்கள் இருக்கும் வட்டாரம் சாதாரண வட்டாரமல்ல. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் உங்கள் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் உருவானது. அதை உருவாக்கிய ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரரின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. அன்று கன்று நட்ட நம்மவர்களின் பெயர்கள் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் மட்டுமே இருந்தன. அந்த ஏடுகள் கரையானுக்குப் போயின.

நான் 30 ஆண்டுகளுக்கும் மேல் தோட்ட அலுவலகத்தில் செக்ரோல் எழுதியவன். காலையில் பெரட்டில் (ஆள் கணக்கெடுக்கும் அணிவகுப்பு) பெயர் கொடுக்காமல் நேராக வேலை செய்யும் நிரைக்குப் போனவருக்கு, எவ்வளவு உழைத்திருந்தாலும் அன்றைய சம்பளத்தை எழுத எனக்கு வழியில்லை. அது தற்பெருமையா? ஆள் வந்ததற்கான பதிவு. உங்கள் குறிப்பைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தவுடன் எனக்கு எழுந்த கேள்வி ஒன்றுதான்: அந்த 2 பக்கத்தின் அடியில் 'தயாரித்தவர்' என்று ஒரு வரி இருந்ததா? இல்லையென்றால் அடுத்த குறிப்பிலிருந்து, தயாரித்தவர், சரிபார்த்தவர் என்று இரண்டு வரிகளையும் படிவத்திலேயே அச்சிட்டுவிடுங்கள். சண்டையும் வேண்டாம், சலுகையும் வேண்டாம், படிவம் பேசிக்கொள்ளும்.

தம்பட்டம் பற்றிய தயக்கம் நல்ல வளர்ப்பின் அடையாளம். ஆயினும், தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவில் இருக்கும்போது புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்வது தகும் என்று நம் பழைய இலக்கண ஆசிரியரே இடம் கொடுத்திருக்கிறார். உங்கள் தலைமையகம் அப்படிப்பட்ட அவைதானே?

---

வெயிலாள் (ஷா ஆலம்):

மேலே சொன்ன யோசனைகள் அனைத்தும் சரியே. ஆனால் ஒன்றை யாரும் சொல்லவில்லை. ஒருவர் எழுதிய குறிப்பிலிருந்து பெயரை எடுத்தவர் செய்ததுதான் தவறு. பெயரைப் பரப்பத் தெரியாதது குற்றமல்ல. எல்லாவற்றையும் 'உங்கள் பிராண்ட் போதவில்லை' என்று உழைப்பவர் தலையிலேயே கட்டிவிடுவது நிறுவனங்களுக்கு வசதியாக இருக்கிறது. ஓர் ஆண்டு என்று கெடு வைத்துக்கொள்ளுங்கள், தோழி. அதற்குள் உள்ளே கதவு திறக்காவிட்டால், சேர்த்து வைத்த ஆதாரங்களோடு வெளியே விண்ணப்பியுங்கள்.

---

செம்பனைப்பூ (பெஸ்தாரி ஜெயா):

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. 3 வாரங்களில் நடந்ததைச் சொல்கிறேன்.

கிராணி ஐயா கேட்ட கேள்வி என்னைச் சுட்டது. அந்தக் குறிப்பில் தேதி இருந்தது, பெயர் இல்லை. மாதாந்திர எண்ணெய் இழப்பு அறிக்கையின் படிவத்தில் இப்போது இரண்டு வரிகளையும் சேர்த்துவிட்டேன். உதவி மேலாளர் ஒரு கணம் நிறுத்திப் படித்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் கையொப்பமிட்டார்.

கிள்ளான் துறைமுகப் பக்கம் உள்ள சுத்திகரிப்பு ஆலையில், மாதிரி எண்களில் வேறுபாடு வரும்போதெல்லாம் நான் தொலைபேசியில் பேசும் மலாய்ப் பெண்மணி ஒருவர் இருக்கிறார். 6 ஆண்டுகளாகக் குரல் மட்டுமே தெரியும். லிங்க்ட்இன்னில் அவருக்கு அழைப்பு அனுப்பினேன். ஏற்றுக்கொண்டதோடு, ஞாயிற்றுக்கிழமைக் குலைகளைப் பற்றி நான் எழுதிய சிறு கட்டுரையைத் தம் மேலாளருக்கும் அனுப்பியதாகச் சொன்னார். வேலை எதுவும் வந்துவிடவில்லை. அந்த மேலாளர் ஒரு கேள்வி கேட்டு எழுதியிருக்கிறார், அதற்கான பதிலை இன்னும் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

புலனக் குழுவில் எதிர்பார்த்தபடியே கேலி வந்தது, ஒரு நாள் இருந்தது, தீமிதித் திருவிழா அறிவிப்பு வந்ததும் அடங்கிவிட்டது.

ஆள்தேர்வர் அண்ணன் சொன்னபடி எல்லா இடத்திலும் பெயரை ஒன்றாக்கியபோது, மின்னஞ்சல் முகவரியையும் மாற்ற வேண்டியதாயிற்று. எஸ்பிஎம் பள்ளித் தேர்வு எழுதிய ஆண்டில் தோழி திறந்து கொடுத்த முகவரி அது; அதில் என் பெயரே இல்லை, ஒரு நடிகரின் பெயரும் 'வெறியை' (தீவிர ரசிகை) என்ற சொல்லும்தான் இருந்தன. தர நிர்வாகி பதவிக்கு நான் விண்ணப்பம் அனுப்பியதும் அதிலிருந்துதான்.